தவறு செய்வதற்கென்றே மூளையில் ஓர் இடம்

"நாலாவது படிக்கும் என் மகள், ஒரு எழுத்து கோணலாகிவிட்டால் போதும், முழுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து எழுதுகிறாள். நோட்டு வாங்கி மாளவில்லை. டீச்சரோ 'நீட்டா எழுதுற பொண்ணு' என்று பாராட்டுகிறார். இதைத் தடுப்பதா, விடுவதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எதிலும் குறையே இருக்கக்கூடாது என்ற பிடிவாதத்தை ஹியூவிட், ஃப்ளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-ல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையைக் கேட்பது, அடுத்தவரிடம் கேட்பது, ஊரே தன்னிடம் கேட்கிறது என்று நம்புவது. கர்ரன், ஹில் என்ற இருவர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 1989 முதல் 2016 வரை எடுத்த கணக்கெடுப்புகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றுமே ஏறியிருந்தன, மூன்றாவது வகைதான் மிக அதிகமாக ஏறியிருந்தது. இதெல்லாம் எங்கேயாவது படித்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பெண் செய்ய நினைக்கும் காரியத்தில்தான் ஆர்வம். எல்லா 'அ'-வும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரவேண்டும் என்கிறாள். மனிதக் கையால் அது முடியுமா?

முடியாது என்று நீதிமன்றத்திலேயே வாதாடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் சில்வியா ஹவ்லண்ட் என்ற பணக்காரப் பெண்மணி 1865-ல் இறந்தார். உயிலின் பின்னிணைப்பில் இருந்த கையெழுத்து, இன்னொரு கையெழுத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. அதனாலேயே அது போலி என்று எதிர்த்தரப்பு சொன்னது. கணித மேதை பெஞ்சமின் பியர்ஸ் சாட்சி சொல்ல வந்தார். அவர் மகன் சார்ல்ஸ், அந்த அம்மாளின் உண்மையான 42 கையெழுத்துகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றின் மேலும் வைத்து, மொத்தம் 861 ஜோடிகளை ஒப்பிட்டிருந்தார். ஒரு கையெழுத்தில் மேலிருந்து கீழே இழுக்கும் கோடுகள் 30. சாதாரணமாக ஐந்தில் ஒரு கோடு பொருந்தும். இங்கே முப்பதும் பொருந்தின! இது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பியர்ஸ் சொன்ன எண்ணில் 22 இலக்கங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டு பெருக்கியது சரியில்லை என்று பிற்காலத்தவர் குறை சொல்கிறார்கள், வழக்கும் கடைசியில் வேறொரு சட்டக் காரணத்தால்தான் தீர்ந்தது. ஆனால் அடிப்படை விஷயம் இன்றும் நிற்கிறது. இரண்டு கையெழுத்துகள் துளி மாறாமல் ஒத்துப்போனால், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் படியெடுத்திருக்கிறார்கள் என்றுதான் கையெழுத்து நிபுணர்கள் சந்தேகிப்பார்கள்.

(கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வது, கீழே புள்ளி வைத்தால் பணம் தங்காது, மேல்நோக்கிப் போட்டால் பதவி உயரும் என்பதெல்லாம் இந்த நிபுணர்களின் வேலையோடு சேராது. 'கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது' என்ற சொலவடைக்கு இருக்கும் ஆதாரம்தான் அதற்கும்.)

கை ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? தசை என்பது எந்திரம் இல்லை, அதற்கு வரும் நரம்புச் சமிக்ஞையில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கும், பலமாக அழுத்தினால் அதுவும் கூடும். இதுவரை பள்ளிப் பாடம் மாதிரிதான். 2006-ல் ஸ்டான்ஃபோர்டில் குரங்குகளைக் கையை நீட்டிப் பழக்கி அளந்தபோது, கையின் வேகம் தடவைக்குத் தடவை மாறியதில் ஏறக்குறைய பாதி, கை அசையத் தொடங்குவதற்கு முன்பே, மூளை 'இதோ நீட்டப்போகிறேன்' என்று தயாராகும்போதே உருவாகிவிடுவது தெரிந்தது. கோணல் விரலுக்கு வருவதற்கு முன்பே தலைக்குள் இருக்கிறது.

சரி, அது மூளையின் கோளாறா, ஏற்பாடா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பறவை வருகிறது.

ஸீப்ரா ஃபிஞ்ச். சிவந்த அலகு, ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு. ஆஸ்திரேலியப் பறவை. பறவைக் கடைகளில் ஜோடியாகக் கூண்டில் விற்பார்களே, அதுதான். இதில் ஆண் மட்டும்தான் பாடும். அந்தப் பாட்டும் பிறவியில் வருவதில்லை. குஞ்சு தன் அப்பா பாடுவதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறது, ஐந்து வாரம் ஆனதும் தானும் ஏதோ கத்திப் பார்க்க ஆரம்பிக்கிறது. முதலில் வெறும் உளறல், மழலை என்றே சொல்லலாம். ஆயிரக்கணக்கான தடவை பாடிப் பாடி, மூன்று மாதம் ஆகும்போது அப்பாவின் பாட்டுக்கு நெருக்கமாக ஒன்று நிலைத்துவிடும்.

பாட்டுக்கென்று மூளையில் தனிப் பகுதிகள் இருக்கின்றன. எச்விசி என்ற பகுதி நேரத்தைப் பிடிக்கிறது. அதன் சில நரம்பணுக்கள் பாட்டின் ஒரே ஒரு கணத்தில் மட்டும் துடித்துவிட்டு அடங்கிவிடும், அடுத்த தடவை பாடும்போதும் அதே கணத்தில்தான். ஆர்ஏ என்ற பகுதி குரல் தசைகளுக்கான உத்தரவை அனுப்புகிறது. மூன்றாவதாக ஒரு பகுதி, எல்மேன் என்பார்கள். இது என்ன செய்கிறது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. 1984-ல் இதை அழித்துப் பார்த்தார்கள். வளர்ந்த பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே பாடியது. குஞ்சில் அழித்தால் பாட்டு வளரவே இல்லை. அப்புறம் 1991-ல் வேறு இருவர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, எல்மேன் போன குஞ்சின் பாட்டு சீக்கிரமே இறுகிப்போவது தெரிந்தது. பாதி கற்ற நிலையில், தப்பும் தவறுமாக, ஆனால் மாறாமல்.

2005-ல் எம்ஐடியில் ஓல்வெட்ஸ்கி, ஆண்டல்மன், ஃபீ மூவரும் எல்மேனை அழிக்காமல் மருந்து கொடுத்துச் சிறிது நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். அதுவரை தடவைக்குத் தடவை தடுமாறிக்கொண்டிருந்த குஞ்சு, உடனே, ஒரே மாதிரி பாட ஆரம்பித்துவிட்டது! மருந்தின் வேகம் குறைந்ததும் பழைய தடுமாற்றம் திரும்பிவிட்டது. அதாவது, கையில் பழக்கம் இல்லாததால் வரும் பிசகு என்று நாம் நினைத்ததை, மூளையின் ஒரு பகுதி வேலையாகவே செய்துகொண்டிருந்திருக்கிறது. பாட்டு வகுப்பில் ஒழுங்காகப் பாடுகிறவனின் முழங்கையைப் பின்னாலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும் குறும்புக்காரப் பையன் மாதிரி. மூன்று வருடம் கழித்து அதே ஆய்வகத்தில் தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள்: நேரம் பிடிக்கும் எச்விசியை நீக்கினாலும் குஞ்சு மழலை பேசியது, எல்மேன் இல்லாமல் பேசவில்லை.

இந்தக் குறும்பால் என்ன லாபம் என்பதற்கு 2007-ல் டூமர், பிரெய்னார்ட் இருவரும் செய்த சோதனை. இதில் வளர்ந்த பெங்காலி ஃபிஞ்ச்கள். நம் வயலோரம் திரியும் சில்லைகளின் வளர்ப்புச் சொந்தம். நன்றாகத் தேறிய பாடகர்கள்தான், ஆனாலும் பாட்டின் ஓர் அசையின் சுருதி தடவைக்குத் தடவை நூலளவு ஏறி இறங்கும். கணினி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சுருதி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உடனே 'உஷ்ஷ்' என்று ஓர் இரைச்சல், மேலே இருந்தால் ஒன்றும் இல்லை. பறவைகள் சீக்கிரமே சுருதியை மேலே நகர்த்திக்கொண்டன. விதியை மாற்றிப் போட்டால் கீழே நகர்த்தின. யோசித்துப் பாருங்கள், அந்த நூலளவு வித்தியாசம் இல்லாமல் எப்போதும் ஒரே சுருதியில் பாடியிருந்தால், எந்தப் பக்கம் போனால் தப்பிக்கலாம் என்று அதற்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

நல்லது எது என்று மூளைக்கு யார் சொல்கிறார்கள்? டோபமைன், நரம்பணுக்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். 2016-ல் பாடிக்கொண்டிருக்கும் ஸீப்ரா ஃபிஞ்சின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தபோது, பாட்டில் இரைச்சல் கலந்த கணத்தில் அவை அடங்கின. இரைச்சல் வரக்கூடும் என்ற இடத்தில் வராமல் போனால் துள்ளின. நன்றாக இருந்ததா என்பதைவிட, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்ததா என்பதற்குத்தான் அந்தத் துள்ளல். இதைப் படித்தபோது எனக்குக் குறையே பொறுக்காதவர்கள் ஞாபகம்தான் வந்தது. நூற்றுக்கு நூறை எதிர்பார்த்து உட்காருகிறவருக்கு அதற்கு மேல் வர ஒன்றும் இல்லை, எல்லாமே நஷ்டக் கணக்குதான். இது என் ஊகம், பறவை ஆய்வாளர்கள் தலையில் கட்டாதீர்கள். மனிதரில் 2014-ல் ஹார்வர்டில் கையசைவை அளந்து, தொடக்கத்தில் அதிகம் தடுமாறுகிறவர்கள் வேகமாகக் கற்கிறார்கள் என்றார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை அப்படியே ஆமோதிக்கவில்லை.

குருவி பாடுவதை ஆராய்வதற்கு வரிப்பணமா என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தப் பாட்டுப் பகுதிகளை 1970-களில் கேனரிப் பறவையில் கண்டவர்களில் ஒருவரான நாட்டபோம்தான், வளர்ந்த மூளையிலும் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று 1983-ல் கோல்ட்மனோடு சேர்ந்து அதே பறவையில் காட்டினார். அதற்கு முன் அப்படிச் சொன்னவர்களைப் பெரும்பாலானோர் சட்டை செய்யவில்லை. 'உபயோகம் என்ன' என்ற கட்டம் இருக்கும் விண்ணப்பப் படிவத்தில் அவர் என்ன எழுதியிருக்க முடியும்?

வாசகிக்கு வருகிறேன். அந்தப் பறவை பற்றி இன்னொன்று சொல்லவில்லை. ஆண் ஃபிஞ்ச் தனியாக இருக்கும்போது பாடும் பாட்டு கொஞ்சம் தளர்வாக, மாறி மாறி வரும். பெண் பறவை எதிரே வந்து உட்கார்ந்தால் அதே பாட்டைக் கச்சிதமாகப் பாடும், எல்மேனின் ஆட்டமும் அப்போது அடங்குகிறது. பயிற்சிக்கு ஒரு பாட்டு, மேடைக்கு ஒரு பாட்டு. உங்கள் மகளுக்கு மேடை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹோம்வொர்க் நோட்டு, கிளாஸ்வொர்க் நோட்டு, கையெழுத்து நோட்டு எல்லாமே யாரோ பார்த்து டிக் போடுவதற்கு. சில பள்ளிகளில் ரஃப் நோட்டுக்குக்கூட பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மார்ஜின் கிழித்து வாங்கி வரச் சொல்கிறார்கள், அதையும் திருத்துகிறார்கள். அப்புறம் அது என்ன ரஃப் நோட்டு?

அதனால் கிழிக்காதே என்று சொல்லாமல், யாரும் திறந்து பார்க்காத ஒரு நோட்டை வாங்கிக் கொடுங்கள். நீங்களும் பார்க்கக்கூடாது, அதுதான் கஷ்டம். டீச்சரிடம் 'நீட்டா எழுதுறா' என்ற பாராட்டைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கிழிப்பதோடு அழுகையும், தூக்கம் கெடுவதும், ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்பதும் சேர்ந்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள். அது நோட்டு மாற்றித் தீர்கிற விஷயம் இல்லை.