நகலெடுப்பது அதுவன்று

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூரில் ஓர் அறிவியல் உரை. பேசியவர் வாயில் "நகலாக்கக் காரணி" மூன்று முறை வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த பதினொன்றாம் வகுப்புப் பெண் எழுந்து, "டி.என்.ஏ.வை இரண்டாக்குவது இதுதானா, ஐயா?" என்று கேட்டாள். அவள்மேல் பிழையில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

எந்த மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கலாம், எதிலிருந்து கூடாது என்று கட்டுப்படுத்தும் புரதத்துக்குத்தான் அந்தப் பெயர். மூலச்சொல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். இலத்தீனில் முன்பாதி 'பெயர்த்தெழுதுதல்', பின்பாதி 'செய்வது'. அவ்வளவுதான்.

நகல் அரபியிலிருந்து வந்தது என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. வக்கீலும் வசூலும் அங்கிருந்து வந்தவைதாம். நகல் என்றதும் ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. உயிரணு பிளக்குமுன் டி.என்.ஏ. முழுதும் இரட்டிக்கிறதே, அதற்கு அந்தச் சொல் பொருந்தலாம். டிரான்ஸ்கிரிப்ஷனில் நடப்பதோ ஏடு படியெடுப்பது போன்றது. மூல ஏடு வீட்டுப் பெட்டியிலேயே கிடக்கும். வேண்டிய பகுதியை மட்டும் எழுதிக்கொண்டு போவார்கள். நம் உயிரணுவிலும் டி.என்.ஏ. உட்கருவைவிட்டு அசையாது, ஆர்.என்.ஏ. படிதான் வெளியே போகும். எழுத்துகூட ஏறக்குறைய அதேதான். தைமின் இருந்த இடத்தில் யுராசில். 'படியெடுப்பு' கையிலிருக்க நகல் எதற்கு?

"சரி, படியெடுப்புக் காரணி" என்பார்கள். அதுவும் பாதிக் கிணறுதான். படியெழுதுவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. நாம் பேசும் புரதம் பெட்டிச்சாவி வைத்திருக்கும் வீட்டுக்காரர்: டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தில் உட்கார்ந்து எழுத விடும், அல்லது மறிக்கும். ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் என்ற பாற்சர்க்கரை இல்லாதபோது அதைச் செரிப்பதற்கான மரபணுக்களை ஓர் அடக்கி பூட்டிவைக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர்கள் ஜேக்கப், மோனோ இருவரும் 1961-இல் விளக்கினார்கள். பூட்டுகிறவனைக் காரணி என்றால், எதற்குக் காரணம்? பள்ளிப் பிள்ளைக்கோ காரணி என்றால் 12-க்கு 2, 3, 4, 6.

மனிதரிடம் இவ்வகைப் புரதங்கள் ஏறத்தாழ 1,600. ஒன்றின் மரபணுவை இன்னொன்று திறக்கும். சில தம் மரபணுவையே பூட்டிக்கொள்ளும். இந்தச் சாவிக் கொத்தைத்தான் மரபணு வலைப்பின்னல் என்கிறார்கள். 2006-இல் ஜப்பானிய அறிஞர்கள் தக்காஹாஷியும் யாமனாக்காவும் இவ்வகைப் புரதங்கள் நான்கை மட்டும் கொண்டு, முதிர்ந்த எலி உயிரணுவை, எந்த வகை உயிரணுவாகவும் மாறக்கூடிய குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்பினார்கள். ஆகவே நான் 'படியெடுப்பு நெறிப்புரதம்' என்கிறேன். நீளம்தான்; ஆனால் என்ன பொருள், என்ன வேலை என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. அகராதியைப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை உயிரணுவையும் பார்த்தால் தேவலை.

காபி குடிக்கையில் இதைப் பேச்சாளரிடம் சொன்னேன். "நகலாக்கம் வழக்கத்துக்கு வந்துவிட்டதே" என்றார். முன்வரிசைக்கு வந்ததாகத் தெரியவில்லை என்றேன்.