ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே

கர்நாடக சங்கீதத்தின் வகுளாபரண ராகம் பழகிய காதுக்கு ருமேனியாவின் மாராமுரேஷ் பகுதி யூதர்களின் கல்யாண இசை புதிதாகவே இருக்காது. சட்ஜத்தை (ச) ஒட்டியே சுத்த ரிஷபம் (ரி), அங்கிருந்து ஒரே தாவலில் அந்தர காந்தாரம் (க). கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷ் பேசும் இசைக்காரர்கள் இந்தச் சுர வரிசையை 'ஃப்ரைகிஷ்' என்பார்கள். வெளியார் ஜிப்சிகள் என்று அழைக்கும் ரோமா மக்களின் பிடிலிலும் இதே தாவல் உண்டு.

சட்ஜத்தை 294 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். ரிஷபம் 311, காந்தாரம் 370. முதல் அடி 17 ஹெர்ட்ஸ்தான், அடுத்தது 59! ரிஷபம் சட்ஜத்தில் போய்ச் சாயத் துடிக்கிறது, காந்தாரம் மத்திமத்தை எட்டப் பார்க்கிறது. நடுவில் மூன்று அரைச்சுர வெற்றிடம். அந்த இழுபறிதான் கல்யாணப் பாட்டிலும் கண்ணீரைக் கொண்டுவருகிறது.

ரோமா மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். அதனால் இது நம் ராகம் என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் துருக்கிய, அரபு இசையின் 'ஹிஜாஸ்' மகாம்தான் (மகாம் என்பது அவர்களின் ராகம் போன்றது) இதற்கு நெருங்கிய உறவு.

சரி, சுரத்தை எழுதி வைத்துவிடலாம். விம்மலை? யிட்டிஷில் 'க்ரெக்ட்ஸ்' என்றால் முனகல். பிடிலில் ஒரு சுரம் முடியும் தறுவாயில் இன்னொரு விரல் தந்தியை லேசாகத் தொட்டு விலகும். தந்தி முழுதாக அழுந்தாததால் அதிர்வு பாதியிலேயே நெரிபட்டு, தொண்டை அடைத்த குரல்போல் ஒலிக்கும். எவ்வளவு அழுத்தம், எப்போது விலகுவது என்பதெல்லாம் தாளில் நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் வரும்.

1944-இல் மாராமுரேஷ் யூதர்கள் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இசைத்தவர்களும் போனார்கள், ஆடியவர்களும் போனார்கள். ஆனால் போருக்கு முன் யூதர் வீட்டுக் கல்யாணங்களில் ரோமா கலைஞர்களும் வாசித்திருந்தார்கள். அந்த மெட்டுகள் அவர்கள் விரல்களில் தங்கிவிட்டன. ஹங்கேரியின் முஜிகாஷ் என்ற நாட்டுப்புற இசைக்குழு அவர்களைத் தேடிப் போனது. பிடில் வாசிக்கும் கியோர்கே கோவாச், தந்திகளைச் சிறு கோல்களால் தட்டி சிம்பலம் வாசிக்கும் ஆர்பாட் டோனி ஆகிய இருவரையும் சேர்த்துக்கொண்டு 1993-இல் 'மாராமரோஷ்' (மாராமுரேஷின் ஹங்கேரியப் பெயர்) இசைத்தொகுப்பை வெளியிட்டது. யூதர் வீட்டுக் கல்யாண மெட்டை ஒரு ரோமா முதியவர் வாசிக்க, ஹங்கேரியர்கள் கூடவே வாசிக்கிறார்கள்.