ஆற்றைக் காட்டிக்கொடுக்கும் பூச்சிகள்

ஓடும் ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பிடித்த அந்த நிமிடத்தில் தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரியும். முந்தின நாள் ராத்திரி யாரோ கழிவைத் திறந்துவிட்டிருந்தால், விடிவதற்குள் அது பல கிலோமீட்டர் கீழே போயிருக்கும், பாட்டிலில் சிக்காது. கல்லுக்கு அடியில் குடியிருக்கும் பூச்சிகளுக்கு அப்படி ஓடிப்போக வழியில்லை. மாதக்கணக்கில், சில இனங்கள் ஓரிரு வருடங்கள்கூட, அதே தண்ணீரில்தான் வளர்கின்றன. அந்தக் காலம் முழுவதும் ஆற்றில் வந்தது எல்லாம் அவற்றின் செவுளைத் தொட்டுத்தான் போயிருக்கும். அதனால் எந்தப் பூச்சி இருக்கிறது, எது காணாமல் போயிற்று என்று பார்த்தாலே ஆற்றின் சமீபத்திய வரலாறு கிடைத்துவிடும். இதைப் படிக்கப் பட்டம் வேண்டாம். ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, கொஞ்சம் பயிற்சி போதும்.

முழங்கால் அளவு தண்ணீரில், கற்கள் நிறைந்த இடத்தில், வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல்பக்கம் நின்று காலால் கற்களைக் கிளற வேண்டும். கிளம்பி வருவதெல்லாம் வலைக்குள் போகும். அதைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் முதலில் குப்பையும் மணலும்தான் தெரியும். ஒரு நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் குப்பை நகர ஆரம்பிக்கும். மூன்று வாலோடு, வயிற்றின் இரு பக்கமும் இலை போன்ற செவுள்கள் படபடக்க நீந்துவது பெரும்பாலும் மேஃப்ளையின் இளம்பூச்சி. இரண்டு வாலோடு தட்டின் தரையைப் பற்றி நடப்பது ஸ்டோன்ஃப்ளை. குச்சித் துண்டு என்று ஒதுக்கியது ஊர்ந்து போனால் அது கேடிஸ்ஃப்ளை. தன் வாயிலிருந்து வரும் பட்டு இழையால் மணலை ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் வாழும் புழு.

இந்த மூன்றையும்தான் ஆறு பார்ப்பவர்கள் முதலில் தேடுவார்கள். காரணம் ஆக்சிஜன். ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரிலோ 20 டிகிரி வெப்பத்தில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அதுவும் ஏழரைக்கு இறங்கிவிடும். இவ்வளவு குறைந்த கையிருப்பில் சாக்கடை கலந்தால், அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனை முதலில் காலி செய்துவிடும். ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சிக்கு மூச்சு முட்டினால், தண்டால் எடுப்பது போல உடம்பை மேலும் கீழும் அசைக்கும். புதுத் தண்ணீர் செவுளில் படுவதற்காகச் செய்யும் முயற்சி அது. அதற்கும் மேல் குறைந்தால் செத்துப்போகும், அல்லது பிடியை விட்டு ஓட்டத்தோடு போய்விடும். அதே இடத்தில் ரத்தப்புழு, அதாவது கொசு போன்ற ஒரு ஈயின் சிவப்புப் புழு, செழித்து வளரும். அதன் உடம்பில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் உண்டு. இருக்கிற சொற்ப ஆக்சிஜனையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். சிவப்பு நிறம் அதனால்தான்.

ஆக, தட்டில் பல வகை உயிர்கள் இருந்தால் நல்லது. ரத்தப்புழுவும் மண்புழு வகைகளும் மட்டுமே நெளிந்தால் தண்ணீர் மூச்சுத் திணறுகிறது. இதை எண்ணாக்கவும் எளிய வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தும் மினிசாஸ் முறையில் உயிர்களை 13 குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்டோன்ஃப்ளைக்கு 17 மதிப்பெண், அட்டைக்கு 2. கிடைத்த குழுக்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, கிடைத்த குழுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் சராசரி வந்துவிடும்; அது கூடக் கூட ஆறு நன்றாக இருக்கிறது என்று பொருள். இனப்பெயர்கூடத் தெரிய வேண்டாம்.

இப்படிப் பார்ப்பதால் என்ன ஆகும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இங்கிலாந்தின் கென்னட் ஆற்றைச் சொல்லலாம். அந்த நாட்டில் தூண்டில் போடுகிறவர்களும் ஆற்றோரம் வசிப்பவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் பகுதியில் மூன்று நிமிடம் கிளறி, எட்டு குழுக்களை எண்ணிக் குறித்துவைக்கிறார்கள். மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அரசின் சுற்றுச்சூழல் அமைப்புக்குத் தகவல் போகும். 2013 ஜூலையில் கென்னட்டில் எண்ணிக்கை திடீரெனச் சரிந்தது. அதிகாரிகள் வந்து சோதித்தபோது குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் கலந்திருந்தது தெரிந்தது. சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூச்சிகளும் நன்னீர் இறால்களும் அழிந்திருந்தன. அவ்வளவு சேதத்துக்கும் காரணம் மிகச் சிறிய அளவு மருந்துதான். தண்ணீரின் நிறத்தில் அது தெரியாது. முந்தைய கணக்கு கையில் இருந்ததால்தான் சரிவு என்று சொல்லவே முடிந்தது. என்னைக் கேட்டால், விபத்துக்கு முன்னால் எடுத்துவைத்த சாதாரண நாட்களின் கணக்குதான் ஊர்மக்கள் ஆற்றுக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி. எந்த அலுவலகத்தாலும் அத்தனை இடத்தில், அத்தனை அடிக்கடி, ஆள் நிறுத்த முடியாது.

சில நேரம் ரசாயனமே இல்லாமல் பூச்சிகள் மறையும். அப்போது ஆற்றை விட்டுவிட்டு மேட்டைப் பார்க்க வேண்டும். மழை விழுந்து, வழிந்து, கடைசியில் அந்த ஆற்றில் சேரும் நிலம் முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே எங்கோ சரிவில் மரம் வெட்டி மண்ணைத் திறந்து போட்டிருந்தால், மழையோடு வரும் நுண்மண் கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும். பூச்சிகள் குடியிருக்கும் அறைகளே அந்த இடுக்குகள்தாம். குற்றவாளி எந்த ஓடை என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய் போதும்: அடியில் கறுப்பு வெள்ளைக் குறி ஒட்டி, மேலிருந்து பார்த்தபடி குறி மறையும்வரை தண்ணீர் ஊற்றி, தண்ணீரின் உயரத்தை அளக்க வேண்டும். உயரம் குறைவாக இருந்தால் கலங்கல் அதிகம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே, இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில், இரண்டிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். கலங்கல் எதிலிருந்து வருகிறதோ அதன் வழியே மேலே ஏறி, அடுத்த கூடலில் மறுபடி அளக்கலாம். நள்ளிரவு மழையில் குடையோடு அங்கே போய் நிற்கக்கூடியவர்கள் பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான்.

சரி, இந்த முறைக்கு எல்லை இல்லையா? உண்டு. பூச்சிகள் நிறைய இருப்பதால் மட்டும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகிவிடாது; நோய்க்கிருமிகள் அவற்றை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். வெள்ளம் அடித்துப் போன மறுவாரம் தட்டு காலியாகத்தான் இருக்கும். மெதுவாக ஓடும் மணல் ஆற்றில் ஸ்டோன்ஃப்ளையை எதிர்பார்க்கவே கூடாது. அதனால் ஒரு இடத்தை அதே இடத்தின் பழைய கணக்கோடு, அதே பருவத்தின் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். இன்ன விஷம் என்றும் பூச்சி சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். எங்கே, எப்போது பாட்டிலை நீட்ட வேண்டும் என்பதைத்தான் அது சொல்லும்.

கெட்டுப்போன பகுதிக்கு உயிர்கள் திரும்பும் விதத்தையும் கவனிக்க வேண்டும். இளம்பூச்சிகள், பெரும்பாலும் இரவில், ஓட்டத்தோடு மிதந்து கீழே வந்து புது இடம் பிடிக்கும். சிறகு முளைத்தவை மேல்நோக்கிப் பறந்து முட்டையிடும். இரண்டுக்குமே அருகில் எங்காவது ஒரு சுத்தமான ஓடை மிச்சம் இருக்க வேண்டும். அதனால் புதிதாக ஆற்றுக் கண்காணிப்பில் இறங்கும் குழு, நாறும் இடங்களோடு, பெயர்கூட இல்லாத அந்த நல்ல ஓடைகளையும் முதல் மாதத்திலேயே வரைபடத்தில் குறித்து, அவற்றின் கரையோர மரங்களில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. கீழே எதை இழந்தாலும் விதைப்பூச்சி அங்கிருந்துதான் வர வேண்டும்.