எழுத்து தெரிகிறது, தடுப்புச் சுவர் தெரியவில்லை

சேலத்தில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்களுக்குக் ‘கான்ட்ராஸ்ட்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த புடவையை விரித்த உடனே ‘கான்ட்ராஸ்ட் பார்டர்’ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தமிழில் மாறுபாடு என்றோ முரண் என்றோ சொல்லலாம். பள்ளியில் படித்த முரண்தொடையும் இதற்கு உறவுதான். கண் பரிசோதனை அறையில் மட்டும் இச்சொல்லின் பொருள் சற்றுக் குறுகிவிடுகிறது: ஒரு பொருளின் வெளிச்சத்துக்கும் அதன் பின்னணியின் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்.

ஏற்காடு மலைப்பாதையில் பல ஆண்டுகளாக வேன் ஓட்டும் அறுபது வயதுக்காரர் ஒருவர் கண் பரிசோதனைக்கு என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் பார்த்து, பவர் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம். நானும் வழக்கமான எழுத்துப் பலகையைக் காட்டினேன். முழுப் பார்வைக்கு அடையாளமான 6/6 வரியைத் தடுமாறாமல் படித்தார். “எழுத்தெல்லாம் தெரியுதுங்க சார். பனி எறங்கிருச்சுன்னா வளைவுல இருக்கிற செவுரு, கிட்டப் போற வரைக்கும் தெரிய மாட்டேங்குதுங்க” என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் இது சிறிய குறை அன்று.

வெள்ளைப் பலகையில் கன்னங்கரேலென்று அச்சிட்ட எழுத்தைப் படிப்பதும், சாம்பல் நிறப் பனிக்குள் சாம்பல் நிறக் கல்சுவரைக் கண்டுபிடிப்பதும் வெவ்வேறு திறன்கள். இரண்டாவதை அளக்க 1988இல் வெளிவந்த பெல்லி-ராப்சன் அட்டை இருக்கிறது. அதில் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவில், மூன்று மூன்றாக, கீழே வர வர வெளிறிக்கொண்டே போகும். ஒரு மீட்டர் தள்ளி அமர்ந்து படித்தால் போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பலர் இதைக் கேட்பதில்லை, நாங்களும் அவசரத்தில் பல நேரம் எடுப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேன்காரரால் பாதி அட்டைக்குக் கீழே படிக்க முடியவில்லை.

தொடக்க நிலைக் கண்புரை, கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆகிய மூன்றிலும், எழுத்துப் பலகையில் குறை தெரிவதற்கு முன்பே மாறுபாட்டைக் காணும் இந்தத் திறன் குறையக்கூடும். ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது ‘மங்கலாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல், மாலையில் கடைசிப் படி தெரியவில்லை, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று புரியவில்லை என்பதுபோல் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அதில்தான் எங்களுக்குத் துப்புக் கிடைக்கிறது.

வீட்டில் மொசைக் படிகளின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தால் பெரியவர்களின் கால் தப்பாது. இட்லியை வெள்ளைத் தட்டில் வைப்பதைவிட வாழை இலையில் வைத்தால் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். பனியில் ஹைபீம் போடாதீர்கள். பனித்துளிகளில் பட்டுச் சிதறும் வெளிச்சம் கண்ணுக்கே திரும்பி, இருக்கிற மாறுபாட்டையும் அழித்துவிடும். இரவு ஓட்டத்துக்கு என்று விற்கும் மஞ்சள் கண்ணாடி, வரும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வேன்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். அதுவரை மாலை ஐந்து மணிக்கு மேல் மலையேற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மிளகு மூட்டை ஏற்றுவதைக் காலை நடைக்கு மாற்றிக்கொண்டார்.