எதிர்ப்பக்கம் ஒரு பெண் நிற்கும்போது: நோட்டீஸ் எழுதுகிறவனின் குறிப்புகள்

தேர்தல் அறிவித்துவிட்டால் என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். நோட்டீஸ் எழுதுவது, மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பது, கடைசிப் பத்து நாளில் எந்த ஒழுங்கைக்கு யாரை அனுப்புவது என்று கணக்குப் போடுவது, இதுதான் என் தொழில். மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை, தெற்கே திருக்கோவில் வரை வேலை செய்திருக்கிறேன். கட்சி பார்ப்பதில்லை. பேசிய காசைத் தருவாரா என்று மட்டும் பார்ப்பேன்.

இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: “எதிர்ல நிக்கிறது பொம்பிள. எப்பிடி அடிக்கிற?” கேட்பவர்களில் சிலருக்குப் பயம். எதைச் சொன்னாலும் ‘பெண் என்று பார்க்காமல் பேசுகிறான்’ என்று ஊர் சொல்லுமே என்று வாயைத் திறக்கவே மாட்டார்கள். மற்றவர்கள் நோட்டீசைத் தாங்களே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். “எழுத்துப் பிழையை மட்டும் பாருங்க” என்பார்கள்.

2018இல் என்னிடம் வந்தவர் இரண்டாவது ரகம். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முதல் நடைமுறைக்கு வந்த தேர்தல் அது, பெப்ரவரி 10. எதிரே நின்றவ மாதர் சங்கத்தில் பல வருடம் கணக்கு எழுதியவ. புருஷன் அவவை விட்டுவிட்டுப் போனவர். அந்த விஷயத்தைப் பிடித்து என் வேட்பாளர் ஒரு வசனம் எழுதி வந்திருந்தார். எனக்கு வசனத்தின் ஓசை பிடிக்கவில்லை, அதனால் திருத்தினேன்: “வீட்டைக் காக்கத் தெரியாதவள் வீதி போடுவாளா?” வீட்டைக்கு வீதி மோனை விழுந்த சந்தோஷத்தில் அன்று நன்றாகத் தூங்கினேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வீடு வீடாகப் போகும்போது நானும் கூடப் போனேன். ஐந்து வாக்கும் தருவதாகச் சொல்லியிருந்த வீடு. மூத்தம்மா திண்ணையில் இருந்து பன் பாய் இழைத்துக்கொண்டிருந்தா. எங்கள் நோட்டீஸ் அவவின் முழங்காலுக்குப் பக்கத்தில் நாலாக மடித்துக் கிடந்தது. வேட்பாளர் கும்பிட்டார். மூத்தம்மா கையை நிறுத்தவில்லை. பன்னை ஒன்று விட்டு ஒன்றாகத் தூக்கிச் செருகியபடியே கேட்டா: “தம்பி, என்ட மகளையும் ஒருத்தன் விட்டுட்டுத்தான் போனவன். அப்ப அவவுக்கும் வீடு காக்கத் தெரியாதா? நீங்க நிக்கிற இந்த வீடு ஆருட வீடு?”

அது மகளின் சீதன வீடு. அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இருக்கவில்லை. அந்த வட்டாரத்தில் தோற்றோம். நோட்டீசால் மட்டும் தோற்றோம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஐந்து வாக்கும் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பகுதியில் இது ஏன் இவ்வளவு பிழையாகப் போகிறது என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும். குடியை, அதாவது குலத்தை, தாய்வழியில்தான் எண்ணுவோம். ஆகவே ஒரு வட்டாரத்தில் நிற்கும் பெண்ணுக்குச் சுற்றுவட்டாரத்தில் தாய், பெரியம்மா, சின்னம்மா, அக்கா, தங்கச்சி என்று வேலிக்கு வேலி சொந்தம் இருக்கும். எங்கள் வேட்பாளரோ அந்த ஊருக்குக் கல்யாணம் கட்டி வந்தவர். அந்தப் பெண்ணைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடியே கேட்கும். அந்தக் கூட்டத்தில் அவருடைய சொந்த மனைவியின் ஆட்களும் இருப்பார்கள். நாட்டின் வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது வேறு. கொழும்பில் இருந்து வரும் பிரசார ஆலோசகர்கள் இந்தப் பாதிக் கணக்கைச் சொல்லுவார்கள், குடிக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. முன்பு எங்கள் பக்கத்தில் பெண்கள் அரசியலுக்கு வந்த விதம் வேறு. பொத்துவில் தொகுதிக்கு 1980இல் ரங்கநாயகி பத்மநாதன் எம்.பி.யாக வந்தது சகோதரரின் மறைவுக்குப் பிறகு. திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டத்தில் 2000 ஒக்டோபரில் பேரியல் அஷ்ரப் வென்றது கணவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில். 2018க்குப் பிறகு வருகிறவர்களில் பலர் அப்படி அனுதாபத்தில் வந்தவர்கள் அல்ல. முன்பள்ளி, மாதர் சங்கம், நுண்கடன் பிரச்சினை என்று வீடு வீடாக நடந்தவர்கள். ஊருக்கு அவர்களை நேரில் தெரியும். “கோட்டாவில (ஒதுக்கீட்டில்) வந்தவ” என்று சொன்னால், அவவிடம் கடன் படிவம் நிரப்பக் கொடுத்தவர்கள் சிரிப்பார்கள்.

இப்போது நான் முதலில் பார்ப்பது ஒரு சின்னச் சொல்லை. எங்கள் பேச்சில் ‘அவ’ என்றால் மரியாதை, ‘அவள்’ என்றால் இல்லை. மேடையில் சூடு ஏறினால் ‘அவ’ தானாக ‘அவள்’ ஆகிவிடும். பேசுகிறவருக்கே தெரியாது, கேட்கிறவர்களுக்குத் தெரியும். சபைத் தலைவரான ஆண் எதிராளியைத் “தவிசாளர் அவர்கள்” என்று திட்டுகிறவர், பெண் எதிராளியை வெறும் பெயர் சொல்லித் திட்டுவார். அதனால் பேச்சு எழுதினால் ஒத்திகை வைப்பேன். எதிராளியின் பெயர் வரும் இடத்தில் ஒரு ஆணின் பெயரைப் போட்டு வாசிக்கச் சொல்வேன். வசனம் அப்போதும் நின்றால் வைத்துக்கொள்ளலாம். “புருஷன் எங்க?”, “என்ன உடுப்பு?”, “ராத்திரிக் கூட்டத்துக்கு ஏன் போனவ?” எல்லாம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

செல்லமாகப் பேசுவதும் இதே நோய்தான். “தங்கச்சி நல்ல புள்ள, பாவம், அரசியல் தெரியாது” என்று சொல்கிறவர் தான் மரியாதையாகப் பேசுவதாக நினைக்கிறார். முன்வரிசையில் இருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளின் முகத்தை அவர் பார்ப்பதில்லை.

உடம்பும் பேசும். 2000 செப்டெம்பரில், நியூயோர்க் செனட் தேர்தலுக்கான ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் ரிக் லாசியோ தன் இடத்தை விட்டு நடந்து ஹிலாரி கிளின்டனின் மேசைக்கே போய், ஒரு தாளை நீட்டி இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று நெருக்கினார். கட்சிகளுக்கு வரம்பில்லாமல் வரும் பணத்தைத் தவிர்ப்பதாக உறுதி கேட்கும் தாள் அது. கேள்வியில் பிழை இல்லை. ஆனால் பார்த்தவர்கள் பலருக்குக் கேள்வி மறந்து, விரல் நீட்டிக்கொண்டு நெருங்கும் ஆண் மட்டுமே மனதில் நின்றார். ஏறக்குறைய 12 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். எங்கள் மேடைகள் அதைவிடச் சிறியவை, நெருங்குவது இன்னும் லேசு.

அப்படியானால் எதை வைத்துக் கேட்பது? இங்கேதான் பயந்தவர்களுக்கும் பதில் இருக்கிறது. அவ ஏற்கனவே சபை உறுப்பினராக இருந்தால் கூட்டறிக்கை (சபைக் கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் பதிவு) இருக்கும். எத்தனை கூட்டத்துக்கு வந்தவ, எந்த வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தினவ, சந்தைக் குத்தகை பேசப்பட்ட அன்று என்ன சொன்னவ, எல்லாம் அதில் கிடக்கும். தகவல் அறியும் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி தீர்மானம் சொல்ல வேண்டும். வேட்புமனுவுக்குப் பிறகு ஓடினால் தாமதம், முன்பே போட்டு வையுங்கள். என் வேட்பாளர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைச் செய்யச் சோம்பல்படுகிறார்கள். வசை எழுதுவது லேசு, கூட்டறிக்கை வாசிக்க இரண்டு இரவு வேண்டும்.

“புருஷன்தான் எல்லாத்தையும் நடத்துறார், அவ வெறும் ஆள்” என்ற குற்றச்சாட்டு சில இடங்களில் உண்மையும்கூட. அதையும் கேட்கலாம். ‘பொம்மை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, இன்ன திகதிக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை நீங்கள் ஏன் ஆதரித்தீர்கள் என்று அவவிடமே நேராகக் கேளுங்கள். அவவுக்குப் பதில் தெரிந்தால் குற்றச்சாட்டு முடிந்தது. தெரியாவிட்டால் ஊர் தானே கணக்குப் போடும்.

வட்சப்தான் இப்போதைய தலைவலி. வேட்பாளர் ஒழுங்காக இருப்பார், பொடியங்கள் தலையை வெட்டி ஒட்டிய படத்தைப் போடுவார்கள். “நான் போடல” என்பது பதில் ஆகாது. படம் என் கண்ணில் பட்டால், வேட்பாளரின் குரலிலேயே அதே குழுவில் ஒரு ஒலிப்பதிவு போடச் சொல்கிறேன்: எடுங்கள், இது என் பிரசாரம் இல்லை, அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வேட்பாளர் ஒருவரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் பரப்புவது தேர்தல் சட்டத்திலும் சிக்கல் தரக்கூடியது, அதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணைத் திட்ட இன்னொரு பெண்ணை மேடையேற்றும் தந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சை எழுதியது யார் என்று ஊருக்குத் தெரியும்.

2025 மே 6 தேர்தலில் வேறொரு இளைஞருக்கு வேலை செய்தேன். எதிரே 2018இல் வென்று, 2023 மார்ச்சில் சபைக் காலம் முடியும்வரை இருந்த ஒரு அக்கா. நோட்டீசில் அவவின் படம் இல்லை, புருஷன் பெயர் இல்லை. ஆற்றோர வீதியில் எரியாத ஏழு தெருவிளக்குகளின் படம், தூண் இலக்கத்தோடு. கீழே இரண்டு வரி: “அக்கா, இந்த ஏழு விளக்குக்கும் சபையில் நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. கூட்டறிக்கையில் இல்லை. ஏன்?” அடுத்த கூட்டத்தில் அவ விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பொடியனை ஒரு வார்த்தை திட்ட அவவுக்கு வழி இருக்கவில்லை.

வட்டாரத்தில் அவவே வென்றா. வித்தியாசம் சின்னது. எங்கள் பொடியனைக் கட்சி பட்டியலில் உள்ளே எடுத்தது. 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்ற கலப்பு முறையில் பல சபைகளில் நடப்பதுதான் அங்கும் நடந்தது, எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. தவிசாளர் தெரிவுக்கு முதல் நாள் ராத்திரி எங்கள் பக்கத்துக்கு ஒரு கை குறைந்தது. என் வாசலில் இருந்துதான் அந்த இளைஞர் அந்த அக்காவுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன்.

“ஓம் தம்பி, சொல்லுங்க” என்றா. அவர் தயங்கித் தயங்கித் தவிசாளர் விஷயத்தைத் தொடங்கினார். அவ இடையில் நிறுத்தினா.

“அதை மறுகா பேசுவம். முதல்ல அந்த ஏழு லைற்றையும் எப்ப போடப் போறீங்க எண்டு சொல்லுங்க.”