முதனி: சொல் விளக்கம்

‘பிரைமேட்’ என்ற ஆங்கில விலங்கியல் சொல்லைத் தமிழில் எழுத நேர்ந்தால் பலரும் ‘குரங்கினம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது. மடகாஸ்கரின் லெமூர், கடவூர் மலைக்காட்டுத் தேவாங்கு, கொரில்லா, மனிதன் எல்லாமே பிரைமேட் என்னும் இந்தப் பாலூட்டி வரிசையில்தான் வருகின்றன. தேவாங்கு குரங்கே அல்ல.

மூலம் இலத்தீன்: முதல் தகுதி உடையவர் என்ற பொருளில் வரும் ‘ப்ரீமாஸ்’. 1758-இல் ஸ்வீடனைச் சேர்ந்த இயற்கையியலாளர் லின்னேயஸ் மனிதன், குரங்கு, லெமூர் ஆகியவற்றுக்குப் பொதுவாக இப்பெயரைச் சூட்டினார். மார்பில் இரண்டு முலைகள் இருப்பதையும் ஓர் அடையாளமாகக் கொண்டதால் வௌவாலும் அதில் இடம்பெற்றது! பின்வந்தவர்கள் வௌவாலை நீக்கினார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

இன்று பார்க்கும் அடையாளங்கள் வேறு. கிளையைப் பற்றும் கைகால்கள், பெரும்பாலும் கூருகிருக்குப் பதில் தட்டை நகம், முன்னோக்கிய கண்கள், உடலளவுக்குப் பெரிய மூளை, மெல்ல வளரும் குட்டி. தேவாங்கின் கால் இரண்டாம் விரலில் மட்டும் மயிர் கோதிக்கொள்ள ஒரு கூருகிர் எஞ்சியிருக்கிறது, பரிணாமத்தைக் கண்ணால் காட்டும் அழகான சான்று அது. ஐயமற்ற மிகப் பழைய புதைபடிவங்களுக்கு வயது ஏறக்குறைய 5.5 கோடி ஆண்டு. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இவை வாழ்ந்தன. இப்போதுள்ள 500-க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா ஆகியவற்றின் வெப்பக் காடுகளில் இருக்கின்றன. பனியில் வாழும் ஜப்பானியக் குரங்கு அபூர்வ விலக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழந்தமிழில் குரங்கு வகைகளின் பெயர்களுக்குக் குறைவில்லை. ‘குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி’ என்று அவற்றின் பெண்ணுக்கு உரிய பெயரைத் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. ஆணைக் கடுவன் என்கிறோம். கரிய முகமுள்ள முசுவைச் சங்கப் பாடல்களிலும் பார்க்கலாம். ஆனால் தேவாங்கு முதல் மனிதன் வரை அடக்கும் பொதுச்சொல் இவற்றில் இல்லை. அந்த இடத்துக்கு வந்த புதுச்சொல்தான் ‘முதனி’. ‘முதன்மை’யில் உள்ள முதன், அதோடு இகர விகுதி.

‘உயர்பாலூட்டி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது உவப்பில்லை: மற்ற பாலூட்டிகள் தாழ்ந்தவை என்று ஆகிவிடுகிறது, பரிணாமத்தில் அப்படி ஏணிப்படி கிடையாது. முதனியிலும் இலத்தீனின் பழைய பெருமிதம் ஒட்டியிருக்கிறதுதான், முதலில் தோன்றிய விலங்கு என்று தவறாகக் கொள்ளவும் இடமுண்டு. ஆனாலும் சொல் சிறியது, வேற்றுமை உருபுகள் எளிதாக ஏறுகின்றன. முதனிகள், முதனியியல், முதனியியலாளர் என்று கிளைக்கவும் செய்கிறது.