அன்னாசியைப் பூக்கச் சொல்லும் வாயு

"எம்.சி. ரோட்டில் வருஷம் பூரா தள்ளுவண்டியில் அன்னாசி இருக்கிறது. எல்லாம் ஒரே சைஸ். ஊசி போட்டு வளர்க்கிறார்களா?" என்று பழைய வண்ணாரப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஊசி கிடையாது, மருந்து உண்டு. பழம் என்று ஒன்று உருவாவதற்கு முன்பே, அறுவடைக்கு நான்கைந்து மாதம் இருக்கும்போதே, அது செடியின் குருத்தில் ஊற்றப்பட்டுவிடுகிறது.

இந்த மருந்தின் அருமை தெரிய மொரீஷியஸைப் பார்க்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் தீவு என்பதால் அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். இரவு நீண்டு குளிர் இறங்கினால் அன்னாசி தானாகவே பூக்கும். அப்படி விட்டால் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பழம் மலிந்து விலை விழும், மற்ற மாதங்களில் தட்டுப்பாடு. ஓட்டல்களும், விக்டோரியா ரகத்தின் குட்டிப் பழங்களை விமானத்தில் வாங்கும் ஐரோப்பிய வியாபாரிகளும் சீசனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அதனால் பாத்தி பாத்தியாக, முறை வைத்து, செடியைப் பூக்க வைக்கிறார்கள்.

குளிர் பட்டதும் செடி தன் குருத்தில் துளி எத்திலீன் வாயுவைத் தயாரிக்கிறது. அந்த வாயு பட்டால் குருத்து இலை விடுவதை நிறுத்திப் பூக்களை அடுக்கத் தொடங்கும். அன்னாசிப் பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. நூறுக்கும் மேற்பட்ட பூக்கள் ஒட்டிப் பழமாகின்றன. புகை பட்டால் அன்னாசி பூக்கும் என்பது 1874-இல் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் கூடங்களிலேயே தெரிந்துவிட்டது. புகையில் வேலை செய்வது எத்திலீன்தான் என்று 1932-இல் போர்ட்டோ ரிகோவில் ரோட்ரிகஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். (போகியன்று நம் தெருவில் கிளம்பும் புகையிலும் எத்திலீன் உண்டு. அதற்காக டயரைக் கொளுத்த வேண்டாம்.)

திறந்த வயலில் வாயுவை எப்படிப் பிடித்து வைப்பது? இங்கேதான் நான் சொன்ன மருந்தான எத்தெஃபான் என்ற மூலக்கூறின் அழகு. பாட்டிலுக்குள் கடும் அமிலமாக, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-க்குக் கீழே இருக்கும்வரை அது அசையாது. இலைக்குள் நுழைந்து செல்லுக்குள் போனால் அங்கே பிஎச் ஏறத்தாழ 7. அமிலத்தன்மை போனதும் மூலக்கூறு தானே உடைகிறது: எத்திலீன், குளோரைடு, பாஸ்பேட். உடைக்க நொதி (என்சைம்) எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும். வயலில் ஊற்றுவது திரவம், வாயு பிறப்பது செல்லுக்குள். இவ்வளவு சிக்கனமான வேதியியல் விவசாயத்தில் அபூர்வம்.

சென்னைக்கு வரும் கேரளத்து வாழக்குளம் அன்னாசியின் ரகப் பெயரே மொரீஷியஸ். அதுவும் விக்டோரியாவும் அன்னாசியில் குயின் என்ற பிரிவைச் சேர்ந்தவை. கேரளத்தில் இதற்குப் பரிந்துரைக்கும் கரைசல் 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு எத்தெஃபான். ஆயிரம் செடிக்கு 50 லிட்டர் தண்ணீர், 39 சத எத்தெஃபான் சுமார் 3.2 மில்லி, யூரியா 1 கிலோ, கால்சியம் கார்பனேட் 20 கிராம். ஆயிரம் செடிக்கு ஒரு டீஸ்பூன்கூட இல்லை! 40 இலை விட்ட செடியின் குருத்தில் 50 மில்லி ஊற்ற வேண்டும். யூரியா மருந்தை இலைக்குள் இழுக்க உதவும், கார்பனேட் அமிலத்தைக் குறைத்து வாயு சீக்கிரம் வெளிவரச் செய்யும்.

கோளாறும் அந்தக் கார்பனேட்டிலேயே தொடங்குகிறது. அதைப் போட்ட நொடியிலிருந்து டிரம்முக்குள்ளேயே மருந்து உடைய ஆரம்பிக்கும். காலையில் கலக்கி மத்தியானம் ஊற்றினால், கொஞ்சம் வாயு காற்றோடு போயிருக்கும். அதனால் கார்பனேட்டைக் கடைசியில் கலந்து உடனே ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் ஊற்றினாலும் பலன் குறையும்; விடியற்காலையோ சாயங்காலமோ நல்லது. ஒரு நாளுக்குள் மழை அடித்தால் மறுபடி ஊற்ற வேண்டும். முந்தின வாரங்களில் தழைச்சத்தை அள்ளிப் போட்ட செடி, பூக்க மறுத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். அளவு கூடினால் குருத்து கருகும். சின்னச் செடியில் அவசரப்பட்டால் பழமும் சின்னதுதான். எத்தனை கண் என்பது பூ உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது, பிறகு எவ்வளவு உரம் கொட்டினாலும் ஒரு கண்கூட அதிகமாகாது. வண்டியில் ஒரே சைஸில் பழம் இருப்பதன் காரணம் இதுதான்: ஒரே வயதுச் செடிகள், ஒரே நாளில் ஊற்றிய மருந்து.

நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதே மருந்தின் இரண்டாவது உபயோகத்தை. அறுவடைக்குச் சில நாள் முன்பு காய் மேல் தெளித்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே இனிப்பு ஏறாது. வாழையைப் போல மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துப் பிறகு சர்க்கரையாக்கும் பழம் அல்ல அன்னாசி; வெட்டியதோடு இனிப்பு நின்றுவிடும். நிறத்தை நம்பாமல் அடிப்பக்கத்தை முகர்ந்து வாங்குங்கள். எத்தெஃபானையும் கார்பைடு கல்லையும் ஒன்றாக்கி வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறார்கள். கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும் என்பதால் அதில் பழுக்கவைத்த பழத்தை விற்க இந்தியாவில் தடை உண்டு. குருத்தில் 25 பிபிஎம் ஊற்றுவது வேறு சமாச்சாரம்.

மொட்டைமாடித் தொட்டியில் அன்னாசிக் கொண்டையை நட்டு, இரண்டு வருஷமாக இலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மருந்தே வேண்டாம். 30 இலைக்கு மேல் இருந்தால் குருத்தில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, நன்றாகப் பழுத்த இரண்டு வாழைப்பழத்தைச் செடியடியில் வைத்து, பெரிய பாலிதீன் பையால் மூடி நிழலில் நான்கைந்து நாள் வையுங்கள். வெயிலில் மூடினால் செடி வெந்துவிடும். இரண்டு மாதத்துக்குள் குருத்து சிவந்தால் வேலை முடிந்தது. சிவக்காவிட்டால், இரவு கொஞ்சம் குளிரும் மார்கழியில் மறுபடி மூடிப் பாருங்கள்.